ஏழையைப் பற்றி எழுதினால் விருதா? சந்தேகங்களும் விளக்கங்களும்

ஆண்டுதோறும் ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கத்தின் மாநாடு நடக்கிறது. ஆயிரக்கணக்கான பேராசிரியர்கள் கழுத்தில் பெயர் அட்டை, கையில் காபிக் கோப்பையுடன் அறை அறையாகச் சுற்றுவார்கள். நடுநடுவே விருது கொடுப்பார்கள். சால்வை இல்லை, ஏலக்காய் மாலை இல்லை. ஒரு சான்றிதழ், ஒரு சின்னக் காசோலை, கொஞ்சம் கைதட்டல், அவ்வளவுதான். சில நாள் கழித்து நம் பத்திரிகையில் எப்போதாவது ஒரு பெட்டிச் செய்தி வரும்: ‘இந்திய வம்சாவளிப் பேராசிரியருக்கு அமெரிக்க விருது.’

அந்த ஆய்வு அணுவைப் பற்றியோ புற்றுநோயைப் பற்றியோ இருந்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை. வர்க்கம், ஏற்றத்தாழ்வு, கூலி, சாதி என்று இருந்தால் மட்டும் சந்தேகங்கள் வரிசை கட்டும். நமக்கெல்லாம் தெரிந்த விஷயம்தானே, இதில் ஆராய என்ன இருக்கிறது என்று தோன்றிவிடுகிறது. நியாயமான சந்தேகங்கள்தான். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

ஏழை, பணக்காரர் என்றாலே அது பொருளாதாரம். அரசியல் அறிவியலுக்கு அங்கே என்ன வேலை?

யாருக்கு எவ்வளவு வருமானம், இடைவெளி எவ்வளவு என்று கணக்கெடுப்பது பொருளாதாரத்தின் வேலை. அந்தக் கணக்கை வாங்கிக்கொண்டு அரசியல் அறிவியல் அடுத்த கேள்வியைக் கேட்கிறது. ஆளுக்கு ஓர் ஓட்டு என்று சட்டம் சொல்கிறது. ஆனால் வருமானம் குறைந்தவர் பேச்சு அரசாங்கத்தின் காதில் ஏறுகிறதா? ஏறவில்லை என்றால் எந்த இடத்தில் தடைபடுகிறது? கட்சியிலா, சட்டசபையிலா, தாலுகா ஆபீசிலா?

ஓர் உதாரணம். நிக்கோலஸ் கார்ன்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், அந்த நாட்டு எம்.பி.க்கள் அரசியலுக்கு வருவதற்கு முன் என்ன தொழில் செய்தார்கள் என்று பட்டியல் போட்டார். உடலுழைப்பு, கடைச் சிப்பந்தி, அலுவலக எழுத்தர் போன்ற வேலை செய்பவர்கள் அமெரிக்க உழைப்பாளர்களில் பாதிக்கு மேல். அப்படிப்பட்ட வேலையிலிருந்து நாடாளுமன்றத்துக்கு வந்தவர்களோ 100க்கு 2 பேர்கூட இல்லை. இந்த விவரம் எந்த வருமானப் புள்ளிவிவரத்திலும் கிடைக்காது. அரசியலைத் தோண்டினால்தான் கிடைக்கும்.

இந்தத் துறைக்கே அந்தக் கவலை கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. சங்கம் 1903இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் தொடங்கப்பட்டது. ஏற்றத்தாழ்வு அமெரிக்க ஜனநாயகத்தை என்ன செய்கிறது என்று ஆராய அதே சங்கம் அமைத்த பணிக்குழு அறிக்கை தந்தது 2004இல். நூறு வருஷம் ஆகியிருக்கிறது. இப்போது சங்கத்துக்குள் ‘வர்க்கமும் ஏற்றத்தாழ்வும்’ என்றே ஒரு தனிப் பிரிவு இயங்குகிறது. அந்தப் பிரிவும் விருது வழங்குகிறது.

எவ்வளவு பணம் கிடைக்கும்?

ஏமாந்துபோவீர்கள். உட்பிரிவுகள் கொடுப்பது பெரும்பாலும் சில நூறு டாலர். சங்கத்தின் பெரிய நூல் விருது என்றாலும் சில ஆயிரம் டாலர்தான். விமான டிக்கெட்டுக்கும் ஹோட்டல் அறைக்கும் கட்டிவிட்டுப் பார்த்தால் கையில் மிஞ்சாது.

இந்தத் துறையில் பெரிய தொகை என்றால் ஸ்வீடனின் யோஹான் ஷைட்டே பரிசைச் சொல்லலாம். உப்சாலா பல்கலைக்கழகத்தில் 1622இல் நிறுவப்பட்ட பேராசிரியர் பதவியின் பெயரால் 1995 முதல் வழங்கப்படுகிறது. தொகை 5 லட்சம் ஸ்வீடிஷ் குரோனர். முதலில் வாங்கியவர் ராபர்ட் டால். 2017இல் நம் அமர்த்திய சென். இந்தியாவில் இன்ஃபோசிஸ் பரிசு ஒரு லட்சம் டாலர் தருகிறது. அதன் சமூக அறிவியல் பிரிவில் 2011இல் பிரதாப் பானு மேத்தா அரசியல் அறிவியலுக்காகப் பெற்றார்.

பணம் கொஞ்சம்தான் என்றாலும், விருது கிடைத்தபின் மற்றதெல்லாம் வரத் தொடங்கும். தற்காலிக வேலையில் இருப்பவர் நிரந்தரமாவது, அடுத்த ஆராய்ச்சிக்கு நிதி கிடைப்பது, பதிப்பகங்கள் தேடி வருவது எல்லாம் பயோடேட்டாவில் ஏறும் ஒரு வரியில் தொங்கிக்கொண்டிருக்கும். காசோலையைவிட அந்த வரிதான் பெரிது.

நோபல் ஏன் இல்லை?

ஆல்ஃபிரட் நோபல் 1895இல் எழுதிய உயிலில் அரசியல் அறிவியல் இல்லை, அதனால் இல்லை. பொருளாதாரமும்தான் அதில் இல்லை. ஸ்வீடனின் மத்திய வங்கி 1968இல் பணம் போட்டுத் தொடங்கிய பரிசு அது. அந்தப் பரிசை 2009இல் வாங்கிய எலினார் ஆஸ்ட்ரம் அரசியல் அறிவியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். பொருளாதார நோபல் பெற்ற முதல் பெண்ணும் அவரே. ஷைட்டே பரிசு அவருக்குப் பத்து வருஷம் முன்னாலேயே, 1999இல், கிடைத்துவிட்டது. சொந்தத் துறைக்காரர்கள் முதலில் கண்டுகொண்டார்கள் என்பதில் அவர்களுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? பின்வாசல் உண்டா?

பெரும்பாலும் மூன்று நான்கு பேராசிரியர்கள் கொண்ட குழு. ஆண்டுக்கு ஆண்டு ஆட்கள் மாறுவார்கள். முந்தைய ஆண்டில் வெளியான புத்தகங்களைப் பதிப்பகங்கள் நேரடியாக அவர்கள் வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ அனுப்பும். ஆய்வேடு என்றால் துறை பரிந்துரைக்க வேண்டும். சம்பளம் இல்லாத வேலை. வகுப்பு, விடைத்தாள், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் நடுவே பெட்டி பெட்டியாக வரும் புத்தகங்களைப் படித்து முடிக்க வேண்டும். அத்தனையையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தார்களா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். கடைசிச் சுற்றுக்கு வந்த நாலைந்தைப் படித்திருப்பார்கள் என்று நம்பலாம்.

பின்வாசல் என்று சொல்லமாட்டேன். ஆனால் முன்வாசலே குறுகலானது. புத்தகம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலும் பெயர்பெற்ற பல்கலைக்கழகப் பதிப்பகம் போட்டிருக்க வேண்டும். தஞ்சாவூர் விவசாயக் கூலிகளைப் பற்றி முப்பது வருஷம் களத்தில் அலைந்து தமிழில் எழுதியவர் அந்தப் பெட்டிக்குள் போவதற்கு வழியே இல்லை. குழு நேர்மையானதுதான். அதன் கைக்கு வந்து சேரும் குவியலில்தான் நியாயம் இல்லை.

விருது வாங்கிய ஆராய்ச்சி என்றால் அதில் சொன்னது உண்மை என்று எடுத்துக்கொள்ளலாமா?

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான சந்தேகம். பதில்: கூடாது. ஏன் என்பதற்கு ஒரு கதை.

மார்ட்டின் கிலென்ஸ் என்ற பேராசிரியர் 1981 முதல் 2002 வரை அமெரிக்காவில் நடந்த கருத்துக் கணிப்புகளைத் திரட்டினார். ‘இந்தச் சட்டம் வேண்டுமா, வேண்டாமா’ என்ற வகையில் 1,779 கேள்விகள். ஒவ்வொன்றிலும் வருமான ஏணியின் கீழ்ப்படியில் இருப்பவர் என்ன சொன்னார், நடுப்படிக்காரர் என்ன சொன்னார், மேல்படிக்காரர் என்ன சொன்னார் என்று பிரித்தார். பிறகு, அரசாங்கம் கடைசியில் என்ன செய்தது என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தார். வருஷக்கணக்கில் நீண்ட வேலை. கண்டது இது: மேல்படிக்காரரும் மற்றவர்களும் வேறு வேறாக விரும்பும்போது, அரசு நடப்பது மேல்படிக்காரர் விருப்பத்தை ஒட்டித்தான். ஏழையின் விருப்பத்துக்கும் அரசின் முடிவுக்கும் தொடர்பே தெரியவில்லை.

‘அஃப்ளுவன்ஸ் அண்ட் இன்ஃப்ளுவன்ஸ்’ என்ற பெயரில் 2012இல் வந்த அந்தப் புத்தகத்துக்கு 2013இல் சங்கத்தின் உயர்ந்த நூல் விருது. அதற்கு முன்பே 2009இல், செனட்டர்கள் யார் பேச்சைக் கேட்டு ஓட்டளிக்கிறார்கள் என்று ஆராய்ந்த லாரி பார்டெல்ஸின் நூலுக்கும் சங்கம் இன்னொரு விருது கொடுத்திருந்தது. 2014இல் கிலென்ஸும் பெஞ்சமின் பேஜும் அதே தரவை வைத்துக் கட்டுரை எழுதியதும் செய்தி உலகம் துள்ளியது. அமெரிக்கா ஜனநாயகம் அல்ல, சிலராட்சி என்று தலைப்பு போட்டார்கள்.

பிறகு வந்தது அடுத்த சுற்று. வேறு ஆய்வாளர்கள் அதே 1,779 கேள்விகளை எடுத்துப் பிரித்துப் பார்த்தார்கள். அவற்றில் 1,594 கேள்விகளில் பணக்காரரும் நடுத்தர வர்க்கமும் ஒரே கட்சி! பெரும்பான்மைக் கருத்து முரண்பட்டது வெறும் 185இல். அந்த 185இல் பணக்காரர் ஜெயித்தது நூற்றுக்கு 53, நடுத்தர வர்க்கம் ஜெயித்தது 47. இதற்காகவா இவ்வளவு கூச்சல் என்றார்கள்.

கிலென்ஸ் தரப்பும் சும்மா இருக்கவில்லை. நடுத்தர வர்க்கத்துக்கு வேண்டியது கிடைக்கிறது என்றால், பணக்காரரும் அதையே விரும்பியதால்தான் கிடைக்கிறது. இதற்குப் பெயர் தற்செயலான ஜனநாயகம் என்றார்கள். பண்ணையார் வீட்டுக் கல்யாணத்தில் ஊருக்கே சாப்பாடு கிடைப்பது மாதிரி. வயிறு நிறைகிறது, உண்மை. ஆனால் பந்தி போடும் முடிவை எடுத்தது யார்?

வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விமர்சித்தவர்களால் அதே 1,779ஐ எடுத்து எண்ண முடிந்தது. காரணம், ஆசிரியர் கணக்கை மூடி வைக்கவில்லை. விருதுக்குழு பார்ப்பதும் ஏறக்குறைய இதைத்தான். கேள்வி புதிதா, தேடிய வழி சரியா, இன்னொருவர் வந்து சோதிக்க இடம் இருக்கிறதா? முடிவு சரி என்று அவர்கள் முத்திரை குத்துவதில்லை. ‘இந்தத் துறையில் பேச வேண்டுமானால் இதைப் படித்துவிட்டுப் பேசு’ என்கிறார்கள். நம் பெட்டிச் செய்தியில் விடுபட்டுப்போவது இந்த வித்தியாசம்தான்.

தமிழ்நாட்டைப் பற்றிய ஆராய்ச்சிக்கு இப்படி விருது கிடைத்திருக்கிறதா?

கிடைத்திருக்கிறது. நான் அறிந்து இரண்டு முறை. இரண்டும் நம்மவர்கள் பலருக்குத் தெரியாது.

முதலாவது மார்கெரிட் ராஸ் பார்னெட். 1942இல் பிறந்த கறுப்பினப் பெண். சிகாகோ பல்கலைக்கழக மாணவியாக 1960களின் பின்பாதியில் தமிழ்நாட்டுக்கு வந்தார். ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று சொல்லி தி.மு.க. ஆட்சியைப் பிடித்த சமயம். அங்கே அவருடைய நாட்டில் கறுப்பின மக்களின் போராட்டம் தெருவில் இருந்தது. இங்கே அவர் பார்த்தது, பிராமணரல்லாதோர் இயக்கம் கோட்டைக்குள் நுழைந்திருந்ததை. அந்த ஆய்வு 1976இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் நூலாக வந்தது: ‘தி பாலிடிக்ஸ் ஆஃப் கல்ச்சுரல் நேஷனலிசம் இன் சவுத் இந்தியா’. இன, பண்பாட்டுப் பன்மை பற்றிய சிறந்த ஆய்வுக்கு அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கம் தரும் ரால்ஃப் பன்ச் விருதை 1981இல் அது பெற்றது.

அந்த விருதின் பெயரிலும் ஒரு சரித்திரம் இருக்கிறது. ரால்ஃப் பன்ச் 1934இல் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்றவர். அமெரிக்காவில் அரசியல் அறிவியலில் அப்பட்டம் பெற்ற முதல் கறுப்பர் என்பார்கள். 1950இல் அமைதிக்கான நோபல் பெற்றார். சங்கத்தின் முதல் கறுப்பினத் தலைவரும் அவரே. பார்னெட் பின்னாளில், 1990இல், ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். 1992இல், ஐம்பது வயதுகூட நிறையாமல் காலமானார்.

இரண்டாவது பிரேர்ணா சிங். தமிழ்நாடும் கேரளமும் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி விஷயத்தில் முன்னே போக, உத்தரப்பிரதேசமும் ராஜஸ்தானும் ஏன் பின்தங்கின என்று கேட்டவர். வருமானம், கட்சிப் போட்டி, இடதுசாரி பலம் என்று வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் போதவில்லை என்பது அவர் வாதம். ‘நாமெல்லாம் இந்த மண்ணின் மக்கள்’ என்ற ஒட்டுணர்வு எங்கே வலுத்ததோ, அங்கே மேல்தட்டு தன் பங்கைக் கொடுக்கச் சம்மதித்தது. கீழ்த்தட்டும் உரிமையோடு கேட்டது என்கிறார். 2015இல் வந்த ‘ஹவ் சாலிடாரிட்டி வொர்க்ஸ் ஃபார் வெல்ஃபேர்’ என்ற அந்த நூலுக்கு 2016இல் சங்கத்தின் உயர்ந்த நூல் விருது கிடைத்தது. கிலென்ஸ் பெற்ற அதே விருது. அமெரிக்கச் சமூகவியல் சங்கத்தின் பாரிங்டன் மூர் விருதும் சேர்ந்து வந்தது.

அப்படியானால் திராவிட ஆட்சிக்கு அமெரிக்கா சான்றிதழ் கொடுத்துவிட்டது என்று சொல்லலாமா?

மேடையில் சொல்லலாம், யார் தடுக்கப்போகிறார்கள்? ஆனால் பார்னெட்டின் நூல் பாராட்டுப் பத்திரம் அல்ல. சமூகத்தைப் புரட்டிப்போடும் வேகத்தோடு கிளம்பிய ஒரு கொள்கை, தேர்தலுக்கு வந்ததும் தமிழ்ப் பண்பாட்டுப் பெருமையாக எப்படி உருமாறியது, அதில் எது கரைந்தது என்பதையும் அது கேட்கிறது. பிரேர்ணா சிங்கின் வாதத்தையும் எதிர்க்கேள்வியோடுதான் படிக்க வேண்டும். ‘நாமெல்லாம் தமிழர்’ என்ற ஒட்டுணர்வு ஊரைத் தாண்டிச் சேரிவரை போனதா? போயிருந்தால் இரட்டைக் குவளை ஏன் இத்தனை காலம் இருந்தது? இதைக் கேட்பதால் விருதுக்கு ஒரு குறைவும் வந்துவிடாது.

அமெரிக்காவில் வர்க்கம், நமக்குச் சாதி. அவர்கள் அளவுகோல் நமக்கு எதற்கு?

பாதி சரி. மீதிப் பாதிக்கு வெண்மணியைப் பார்க்க வேண்டும். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டவர்கள் 44 பேர். போராட்டம் கூலி உயர்வுக்காக நடந்தது. எரிந்தது சேரி. அதை வர்க்கம் என்று மட்டும் எழுதினாலும் பொய், சாதி என்று மட்டும் எழுதினாலும் பொய்.

இந்தச் சிக்கலை முறையாக ஆராய்ந்த பெரிய நூல்கள் சில தஞ்சாவூர் மண்ணிலிருந்து வந்தன. ஆந்த்ரே பெத்தேய், ‘ஸ்ரீபுரம்’ என்று புனைபெயர் கொடுத்த ஒரு தஞ்சைக் கிராமத்தில் தங்கி, சாதி, வர்க்கம், அதிகாரம் மூன்றும் முன்பு ஒன்றோடொன்று பொருந்திக் கிடந்ததையும், பிறகு மெல்ல விலகத் தொடங்கியதையும் 1965இல் நூலாக எழுதினார். சமூகவியலாளரான அவர் 2005இல் பத்மபூஷண் பெற்றார். அவருக்கும் முன்னால், 1950களின் தொடக்கத்திலேயே, தஞ்சாவூர்க் கிராமங்களில் தங்கி ஆராய்ந்தவர் இங்கிலாந்துப் பெண்மணி கேத்லின் கஃப். கிராமத்துக்கு அவர் வைத்த புனைபெயர் கும்பப்பேட்டை. கால்நூற்றாண்டு கழித்து 1976இல் திரும்பவும் வந்து, என்ன மாறியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போனார்.

வர்க்கத்தை ஆராய்ந்தவர்களுக்கு எப்போதும் விருதுதான் கிடைத்ததா?

கேத்லின் கஃப் கதையை முடித்துவிடுகிறேன். மார்க்சியர். வியட்நாம் போரை எதிர்த்துப் பேசியவர். கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில், அரசியல் அறிவியலும் சமூகவியலும் மானுடவியலும் ஒன்றாக இருந்த துறையில் வேலை பார்த்தார். துறையை மாணவர்களும் சேர்ந்து நடத்த வேண்டும் என்ற தகராறில் 1969இல் வேலைநிறுத்தம் வெடித்தது. கஃப் உள்ளிட்ட ஆசிரியர்கள் முதலில் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள், பிறகு வேலை போயிற்று. தஞ்சாவூரைப் பற்றிய அவருடைய இரண்டு பெரிய நூல்களும் 1981இலும் 1989இலும் வந்தன. சம்பளம் இல்லாத கௌரவ ஆய்வாளர் என்ற பெயரில் அவர் இருந்த காலம் அது. 1990இல் இறந்தார். இன்றைக்குத் தஞ்சை நிலவுடைமை பற்றி யார் எழுதினாலும் அவர் பெயரைச் சொல்லாமல் தாண்ட முடியாது.

எனவே விருதுப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு துறையின் வரலாற்றை எழுதிவிட முடியாது. வேலை இழந்தவர்களின் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏற்றத்தாழ்வை ஆராய்பவர்களுக்குள்ளேயே ஏற்றத்தாழ்வு இல்லையா?

கொட்டிக் கிடக்கிறது. அமெரிக்காவின் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களில் அரசியல் அறிவியல் ஆசிரியர்களாக இருப்பவர்கள் எங்கே படித்தார்கள் என்று 2012இல் ஓர் ஆய்வு எண்ணிப் பார்த்தது. ஏறத்தாழ பாதிப் பேர் வெறும் 11 பல்கலைக்கழகங்களிலிருந்து வந்தவர்கள். பல துறைகளைச் சேர்த்துப் பார்த்த 2022ஆம் ஆண்டின் இன்னோர் ஆய்வு, பேராசிரியர்களின் பெற்றோரில் டாக்டர் பட்டம் பெற்றவர்கள் இருப்பதற்கான வாய்ப்பு, பொதுமக்களைவிட 25 மடங்குவரை அதிகம் என்றது. ஏழையைப் பற்றி எழுதுகிறவர் ஏழை வீட்டிலிருந்து வந்திருப்பது அபூர்வம்.

விருதும் இதில் தன் பங்கைச் செய்கிறது. பணம் பணத்தோடு சேரும் என்பார்களே, பேரும் அப்படித்தான். ஒரு விருது வாங்கியவர் பெயர் அடுத்த குழுவின் காதில் ஏற்கெனவே விழுந்திருக்கும். ராபர்ட் மெர்ட்டன் என்ற சமூகவியலாளர் 1968இலேயே இதற்கு பைபிளிலிருந்து எடுத்து ‘மத்தேயு விளைவு’ என்று பெயர் வைத்தார்: உள்ளவனுக்கே மேலும் சேரும் என்பதற்காக. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கட்டுரைக்கு ஆதாரமான நேர்காணல்களை எடுத்தவர் ஹேரியட் சக்கர்மன் என்ற பெண். கட்டுரையில் ஆசிரியர் பெயர் மெர்ட்டன் மட்டும். சக்கர்மன் பெயரையும் போட்டிருக்க வேண்டும் என்று மெர்ட்டனே பின்னாளில் ஒப்புக்கொண்டார். விளைவு பெயர் வைத்தவர் வீட்டிலேயே வேலையைக் காட்டிவிட்டது.

விருதின் பெயரிலும் இந்த விவகாரம் உண்டு. கிலென்ஸும் பிரேர்ணா சிங்கும் பெற்ற அந்த நூல் விருது அப்போது உட்ரோ வில்சன் பெயரில் இருந்தது. வில்சன் அரசியல் அறிவியல் பேராசிரியர், சங்கத்தின் தலைவராகவும் இருந்தவர், பிறகு நாட்டின் ஜனாதிபதி. மத்திய அரசு அலுவலகங்களில் கறுப்பர்களைத் தனியே பிரித்து உட்காரவைத்தது அவருடைய நிர்வாகம்தான். ஏற்றத்தாழ்வை ஆராயும் நூலுக்கு அவர் பெயரில் பரிசு! அந்த விருது இப்போது மெர்சே டேட், எலினார் ஆஸ்ட்ரம் என்ற இரு பெண் அறிஞர்களின் பெயரைத் தாங்குகிறது. மெர்சே டேட் கறுப்பினப் பெண்; 1950களின் தொடக்கத்தில் தாகூரின் சாந்திநிகேதனில் பாடம் நடத்தியவர்.

எனக்கே ‘சிறந்த ஆய்வாளர் விருது’ என்று மெயில் வந்திருக்கிறது. பதிவுக் கட்டணம் கேட்கிறார்கள். கட்டலாமா?

கட்டாதீர்கள். விருது கொடுப்பவர் வாங்குபவரிடம் பணம் கேட்கிறார் என்றால் அங்கே விற்பனை நடக்கிறது. ஷீல்டு, சான்றிதழ், குரூப் போட்டோ, மதியச் சாப்பாடு எல்லாம் அந்தக் கட்டணத்துக்குள் அடக்கம்.

இந்த வியாபாரம் ஏன் செழிக்கிறது என்பதற்குக் காரணம் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளில் ஆசிரியர்களின் ஆராய்ச்சிக்கு மதிப்பெண் போடும் அட்டவணை உண்டு. சர்வதேச விருதுக்கு 7, தேசிய விருதுக்கு 5. மதிப்பெண் என்று ஒன்று வந்துவிட்டால் அதைத் தயாரித்துக் கொடுக்க ஆட்களும் வந்துவிடுவார்கள். 2023 பிப்ரவரியில் சென்னையில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு தனியார் அமைப்பு அண்ணா பல்கலைக்கழகத்தின் அரங்கைப் பயன்படுத்த அனுமதி வாங்கி, சினிமா, தொலைக்காட்சிப் பிரபலங்களுக்கு ‘கௌரவ டாக்டர்’ பட்டம் கொடுத்தது. அந்தப் பட்டத்துக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று பல்கலைக்கழகமே போலீசுக்குப் போக வேண்டியதாயிற்று. வாங்கியவர்களில் பலருக்கு அது செல்லாது என்பதே பிறகுதான் தெரிந்தது.

அசல் விருதை அடையாளம் காண்பது கஷ்டமில்லை. குழுவில் யார் இருக்கிறார்கள் என்று பெயர் போட்டிருப்பார்கள். முந்தைய ஆண்டுகளில் எந்தப் புத்தகத்துக்குக் கொடுத்தார்கள் என்ற பட்டியல் இருக்கும். ஏன் கொடுத்தோம் என்று ஒரு பத்தியாவது எழுதியிருப்பார்கள். உங்கள் ஆய்வின் தலைப்பைக்கூடச் சொல்லாமல் ‘மதிப்புக்குரிய ஐயா/அம்மா’ என்று தொடங்கும் மெயிலில் இந்த மூன்றும் இருக்காது.

இந்தப் புத்தகங்களை நான் எங்கே படிப்பது? விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறதே?

சுற்றும்தான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பதிப்பகங்களின் கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றின் விலையில் ஒரு வீட்டுக்கு மாத மளிகை வந்துவிடும். கன்னிமாரா நூலகத்துக்குச் சட்டப்படி தானாக வந்து சேருவது இந்தியாவில் அச்சாகும் நூல்கள். பிரின்ஸ்டனில் அச்சான புத்தகம் அப்படி வராது. யாராவது கேட்டால்தான் வாங்குவார்கள். ஆகவே கேளுங்கள். சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. மதுரையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. உங்கள் கல்லூரி நூலகமும் இருக்கிறது. மார்கெரிட் ராஸ் பார்னெட், 1976. பிரேர்ணா சிங், 2015. கேத்லின் கஃப், 1981, 1989. இந்தப் பெயர்களையும் வருஷங்களையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி, அடுத்த முறை போகும்போது நூலகரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.